புகார் சொன்ன பிள்ளை அன்று மாலை எப்படி வீட்டுக்குப் போகும்?

ஒரு பிள்ளையை நாலு பேர் விடாமல் சீண்டுகிறார்கள் என்று தெரிந்ததும் பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது இதுதான். ஐந்து பேரையும் ஸ்டாஃப் ரூமுக்கு வரச்சொல்லி, எதிரெதிரே நிறுத்தி, ஓர் அதட்டு அதட்டி, மன்னிப்புக் கேட்கவைத்து, கை கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆசிரியர் நல்ல மனதோடுதான் செய்கிறார். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது.

சம பலமுள்ள இருவர் அடித்துக்கொண்டால் சமாதானம் பேசலாம். இது சண்டை இல்லை. வலுத்தவர்கள் ஒருவரைத் திரும்பத் திரும்பக் குறிவைப்பது. அந்த நாலு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், "ஒண்ணுமில்ல சார், சும்மா விளையாட்டுக்கு" என்றுதான் பிள்ளை சொல்லும். மாட்டிவிட்டது யார் என்று அவர்களுக்கும் தெரிந்துவிடும். சாயங்காலம் மணி அடித்ததும் எல்லோரும் போகவேண்டியது அதே கேட் வழியாக, அதே பஸ் ஸ்டாப்புக்கு.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 இரவு நடந்ததை மறக்க முடியாது. சக மாணவர்களின் சாதிக் கொடுமையால் பள்ளிக்கு வராமல் இருந்த பிளஸ் டூ மாணவர், நடந்ததைப் பள்ளியில் சொன்னார். அதையடுத்து வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கயிறு வேண்டாம், அகரவரிசையில் உட்காரவையுங்கள் என்பன போன்ற பரிந்துரைகள் பரவலாகப் பேசப்பட்டன. அவை தேவைதான். ஆனால் ஒவ்வொரு தலைமையாசிரியரும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, புகார் கைக்கு வந்த நேரத்திலிருந்து அந்தப் பிள்ளை பத்திரமாக இருக்க என்ன ஏற்பாடு என்பதுதான்.

பிள்ளையைத் தனியாகக் கேளுங்கள், ஒரே ஒருவர் கேளுங்கள். "நீ என்ன பண்ண?" என்று தொடங்காதீர்கள். சொல்லும்போதே எழுதிக்கொள்வது முக்கியம். "மாணவர்கள் கேலி செய்ததாகக் கூறினார்" என்று எழுதினால் அது எதற்கும் உதவாது. "செவ்வாய், இரண்டாவது இன்டர்வெல், மாடி பாத்ரூம் வாசல், மூன்று பேர், பையைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டார்கள், 'வெளியே சொன்னா பாரு' என்றார்கள், பார்த்தவர்கள் இருவர்" என்று பிள்ளையின் வாய்ச்சொல்லிலேயே இருக்கவேண்டும். மறுபடி நடந்தால், இது புதிதல்ல என்று காட்ட, எழுதிவைத்த அந்தத் தாள்தான் கையில் இருக்கும்.

செய்தவர்களைக் கூப்பிடுவது அதற்குப் பிறகுதான். ஒவ்வொருவராக, அதே பீரியடுக்குள், நடுவில் அவர்கள் கூடிப் பேச இடம் கொடுக்காமல். "அவன் உன்மேல் புகார் சொன்னான்" என்ற வார்த்தை வரவே கூடாது. பார்த்தவர்களிடமும் முன்பே விசாரித்திருந்தால், "பாத்ரூம் வாசலில் நடந்தது எனக்குத் தெரியும்" என்று நேராகத் தொடங்கலாம். இடம் மாற்றவேண்டி வந்தால் செய்தவரை மாற்றுங்கள். அடிபட்ட பிள்ளையை வேறு செக்‌ஷனுக்கு அனுப்புவதும், "டி.சி. வாங்கிக்கிட்டுப் போங்க" என்று பெற்றோரிடம் சொல்வதும் அந்தப் பிள்ளைக்கே தண்டனை கொடுப்பதாகும். அன்று மணி அடிப்பதற்குள் பெற்றோருக்கு போன் போகவேண்டும். யாரோடு, எந்த வழியில் வீட்டுக்குப் போகிறது என்பதை அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த இரண்டு வாரத்துக்கும் முடிவு செய்யுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. தண்ணீர் பாட்டில் தினமும் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பள்ளி விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிள்ளை பாத்ரூமுக்கு ஓடுகிறதா? கழிப்பறை சுத்தமில்லாததும் காரணமாக இருக்கலாம். ஆனால் அங்கே யாரோ காத்திருக்கிறார்கள் என்பதால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. "யாராவது அடிக்கிறாங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "எந்த பாத்ரூமுக்குப் போவ?" என்று கேட்டால் பேச்சு தொடங்கும்.

எந்த இடத்தில் நடக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் துல்லியமாகத் தெரியும். பள்ளியின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டுக் கொடுத்து, பயமாக இருக்கும் இடங்களில் பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள்; பெயர் எழுத வேண்டாம். பின்படிக்கட்டு, சைக்கிள் ஸ்டாண்டு, பஸ்ஸின் கடைசி சீட் என்று குறிகள் குவியும். அங்கே ஆசிரியர் மணி அடித்த பிறகு போய்ப் பயனில்லை. மணி அடிக்கும்போதே அங்கே நிற்கவேண்டும்.

பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தான் பள்ளியின் பெரிய பலம். கனடாவில் விளையாட்டு மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001-இல் வெளியான ஆய்வில், சக மாணவர் தலையிட்டபோது 57 சதவீத முறை 10 நொடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. ஆனால் ஐந்தில் ஒரு முறைகூட யாரும் தலையிடவில்லை. எதிர்த்துச் சண்டை போடச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். "வாடா, சார் கூப்பிடுறாரு" என்று அந்தப் பிள்ளையைக் கையோடு அழைத்துப்போகப் பழக்கினால் போதும்.

பாலியல் தொந்தரவு என்றால் மேலே சொன்ன விசாரணை எதுவும் வேண்டாம். செய்தவர் ஆசிரியரா, மாணவரா என்பது இங்கே பொருட்டில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. "ஸ்கூல் பேரு கெட்டுடும்" என்று உள்ளுக்குள் கமிட்டி போட்டு, ஒரே கதையை ஐந்து பேரிடம் பிள்ளையைச் சொல்லவைப்பதுதான் வழக்கமான தவறு. அது பிள்ளையையும் உடைக்கும், வழக்கையும் கெடுக்கும். பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. சீருடை அணியாத போலீஸ் அதிகாரி, கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர், வீட்டிலேயே வாக்குமூலம் வாங்கவேண்டும். உடனடி உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098; தமிழகத்தில் பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417.

வாட்ஸ்அப் குரூப்பில் நடந்தால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படம் என்றால் மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது, எச்.எம்.முக்கும்கூட. கணக்கின் பெயர், எண், நேரம் மட்டும் குறித்துக்கொண்டு போலீசுக்குப் போங்கள்.

பிறகு இரண்டாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று டைரியில் முன்பே தேதி போட்டுவைத்து அந்தப் பிள்ளையைத் தனியாகப் பாருங்கள். "இப்ப பிரச்சினை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடும். "நேத்து மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்பிட்ட?" என்று கேளுங்கள்.