அப்ரைசல் மாதக் குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

அப்ரைசல் படிவம், அதாவது வருடாந்திர வேலை மதிப்பீட்டுப் படிவம், வந்தாயிற்று. பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை, சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரின் டீக்கடைகளில் ரேட்டிங் பேச்சுதான். யாரும் வாய்விட்டுச் சொல்லாதது இன்னொன்று இருக்கிறது: "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒருநாள் கண்டுபிடிச்சிடுவாங்க." இந்தப் பயத்தை 1978இல் முதலில் பெயரிட்டு எழுதியவர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள். நன்றாகப் படித்து, நல்ல வேலையில் இருந்த பெண்களிடம் அதைக் கண்டார்கள். அவர்கள் வைத்த பெயர் 'இம்போஸ்டர் ஃபினாமினன்', தான் ஒரு போலி என்கிற எண்ணம். நோய் என்று அவர்கள் சொல்லவில்லை; 'சிண்ட்ரோம்' என்கிற வால் பின்னால் ஒட்டிக்கொண்டது.

மார்ச் 6, வியாழன்

பாராட்டு ஏன் ஒட்டுவதில்லை? 20 நிமிட டெமோ ஒன்று வருகிறது, கூடவே பயமும். ஒருவர் மூன்று ராத்திரி கண்விழிக்கிறார். இன்னொருவர் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டு அரக்கப்பரக்க முடிக்கிறார். இருவருக்கும் டெமோ நன்றாகவே போகிறது. முதலாமவர் சொல்வது: "உயிரைக் கொடுத்தேன், அதான். திறமை இருந்தா இவ்ளோ நேரமா ஆகும்?" இரண்டாமவர்: "ஏதோ நேரம் நல்லா இருந்துச்சு." ஆக, வெற்றி யார் கணக்கிலும் ஏறவில்லை. அடுத்த டெமோவுக்கு அதே பயம். தோளில் தட்டி "உன்னால முடியும்" என்று சொல்லிப் பலனில்லை. கை வைக்க வேண்டிய இடம் தயாரிப்பு நேரம்.

மார்ச் 11, செவ்வாய்

எப்படிக் கை வைப்பது? முதல் வாரம் எதையும் மாற்றாமல், எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று மட்டும் குறிக்க வேண்டும். வாராந்திர ஸ்டேட்டஸ் மீட்டிங்குக்கு நான்கு மணி நேரம் போகிறதென்றால், அடுத்த முறை மூன்று. கால்பங்குதான் குறைக்கலாம். ஒரேயடியாகப் பாதியாக்கினால் எங்கேயாவது சறுக்கும், அந்தச் சறுக்கலே "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று சாட்சியாகிவிடும். கிளையன்ட் மீட்டிங்கில் இந்தச் சோதனையைத் தொடங்கக் கூடாது.

மீட்டிங்குக்கு முன் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும்: "பட்ஜெட் கேள்வியில் மாட்டுவேன்." முடிந்ததும் பக்கத்தில் நடந்ததை எழுத வேண்டும். முன்வரியை எழுதாமல் விட்டால் வேலையே கெட்டது. நல்லபடியாக முடிந்த பிறகு, பயந்ததே மனதுக்கு ஞாபகம் இருக்காது. அதனால் பயம் பொய்த்ததும் பதிவாகாது.

மார்ச் 14, வெள்ளி

நோட்டுப் புத்தகம். வெள்ளி மாலை கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம், நெடுக்கே கோடு போட்டுப் பிரித்த மூன்று பத்தி: என்ன செய்தேன், அதில் நானே எடுத்த முடிவு எது, அதனால் என்ன மாறியது. பலரும் தவறுவது, மேனேஜர் அனுப்பிய "சூப்பர்" மெயில்களைச் சேர்த்துவைப்பதில். பாராட்டை "அவர் நல்லவர், எல்லாருக்கும் சொல்வார்" என்று தள்ளிவிடலாம். "பழைய ரிப்போர்ட் 40 நிமிடம் ஓடியது, இப்போது 6 நிமிடம்" என்ற வரியை அப்படித் தள்ள முடியாது.

மார்ச் 19, புதன்

சென்னைக்கே உரிய ஒரு குழப்பம். தமிழ் மீடியத்தில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியாக வந்தவர், மீட்டிங்கில் பக்கத்து சீட்டுக்காரர் பீட்டர் விடுவதைக் கேட்டதும் தனக்கு வேலையே தெரியாது என்று முடிவுகட்டுகிறார். இங்கிலீஷ் வேறு, வேலை வேறு. பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: தெரியாததை ஒரே வரியில் பெயர் சொல்ல முடிகிறதா? "டேட்டாபேஸ் இண்டெக்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாது" என்றால் அது நிஜமான இடைவெளி, படித்து அடைக்கலாம். "எனக்கு எதுவுமே தெரியாது" என்றால் அது உணர்வு. அதற்கு இன்னொரு ஆன்லைன் கோர்ஸ் வாங்குவது வீண் செலவு.

சந்தேகம் கேட்கப் பயமா? அரை மணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டு மூன்று வரி அனுப்பலாம்: என்ன வேண்டும், எதையெல்லாம் பார்த்தாயிற்று, எங்கே நிற்கிறது. "அண்ணா, ஃப்ரீயா?" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் பாதி நாள் போய்விடும்.

மார்ச் 25, செவ்வாய்

இந்தப் பயத்தை அளக்க கிளான்ஸ் உருவாக்கிய அளவுகோலில் 20 கேள்விகள். மொத்தம் 20 முதல் 100 வரை வரலாம்; 60ஐத் தாண்டினால் இந்த எண்ணம் அடிக்கடி வருகிறது என்று பொருள். திட்டு வாங்கிய மறுநாள் போட்டுப் பார்க்கக் கூடாது, எண் ஏறித்தான் காட்டும்.

எல்லாச் சந்தேகமும் தலைக்குள் பிறப்பதில்லை. வேலையைச் சொல்லித்தராமல் புராஜெக்டில் இறக்கிவிட்டு, கேட்டால் முறைக்கும் டீமில் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அங்கே நோட்டுப் புத்தகம் போதாது, டீம் மாற்றம் கேட்க வேண்டியிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் இந்தக் குறிப்புகளை மூடிவைத்துவிட்டு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

மார்ச் 28, வெள்ளி

படிவம் நிரப்பும் நாள். "நாங்க பண்ணோம்", "டீம் சப்போர்ட்ல முடிஞ்சது" என்றே எழுதுவது நம்மூர்ப் பழக்கம். தன்னடக்கம்தான், ஆனால் படிவத்துக்கு அது புரியாது. பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனை நான் என்று அவையடக்கம் பாடிய கம்பர், அதோடு நிறுத்தாமல் 10,000க்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடி அவையில் வைத்தாரே! நோட்டிலிருந்து மூன்று வரியை எடுத்து, நடுப்பத்தியில் இருக்கும் முடிவை 'நான்' என்று தொடங்கி எழுதுங்கள். எழுதியதும் அழிக்கத் தோன்றும். ஆறு மணிக்குள் அனுப்பிவிடுங்கள். ராத்திரி வரை வைத்திருந்தால் 'நான்' எல்லாம் மறுபடி 'நாங்கள்' ஆகிவிடும்.