தாணு என்று ஒரு பெயர்

டிசம்பர் 16, செவ்வாய். மார்கழி 1

காலை பத்தேகாலுக்கு மகளுக்கு இரண்டாவதும் பையன். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. சுவாதி, நான்காம் பாதம் என்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஜோசியர் போனில் சொல்லிவிட்டார். சுவாதிக்கு எழுத்து ரு, ரே, ரோ, தா. நான்காம் பாதம் என்றால் ‘தா’.

‘தா’ என்று கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அப்பா பெயர் தாணுமாலயன். வெளியே ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. மூத்தவனுக்கு அவர்கள் பக்கத்துத் தாத்தா பெயரை வைத்தாயிற்று. இரண்டாவது நம் முறை என்று எனக்கு ஒரு நினைப்பு.

டிசம்பர் 20, சனி

பிள்ளையையும் தாயையும் வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. குளிப்பாட்ட வெந்நீர் போட என் மனைவி பரணிலிருந்து அப்பாவின் செப்புச் சருவத்தை இறக்கினாள். புளி போட்டுத் தேய்த்ததும் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் தெரிந்தது: ‘தாணுமலையன்’.

இந்த ‘லை’யைப் பார்த்து அப்பா காலமெல்லாம் முனகினார். “மருந்துவாழ்மலை அங்கன கெடக்கு. அதை எதுக்குடே எம் பேருல ஏத்துனான்?” என்பார். பெயர் தாணு, மால், அயன். சிவன், விஷ்ணு, பிரம்மா. மூன்றும் ஒரே லிங்கமாக இருக்கிற சுசீந்திரத்துச் சாமியின் பெயர். மலைக்கு அதில் இடமே இல்லை. ஆனால் இன்றைக்கும் பாதிப் பேர் தாணுமலையன் என்றும் தாணுமலையான் என்றும்தான் எழுதுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூடப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

மாப்பிள்ளை போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். தார்விக், தாரக், தாக்‌ஷித். பேச்சோடு பேச்சாக “தாணுன்னு வச்சா எப்படி?” என்றேன்.

“தனுவா மாமா? அது பொண்ணு பேராச்சே.”

“தனு இல்ல மாப்பிள்ளை. தாணு. மூணு சுழி.”

“அர்த்தம் என்னங்க?”

அங்கேதான் நான் சறுக்கினேன். வடமொழியில் ஸ்தாணு. நிலையாக நிற்பது, அசையாதது, அதனால் சிவனுக்குப் பெயர் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நட்டுவைத்த கம்பம், கிளையெல்லாம் போன மரத்தின் அடிக்கட்டை என்றும் ஒரு பொருள் உண்டு என்று வாயை விட்டுவிட்டேன். சம்பந்தியம்மா போனின் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “பச்சப் புள்ளைக்குக் கட்டைன்னு பேர் வெக்கறதுங்களா?”

டிசம்பர் 23, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. (பிள்ளையும் தூங்கவில்லை, அது வேறு.) கட்டை என்ற பேச்சுக்குப் பதில் யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

ஸ்தானம், ஸ்திரம், ஸ்தாபனம் எல்லாம் அதே வேரில் வந்த சொற்கள். அரியானாவில் குருக்ஷேத்திரத்தை ஒட்டி இருக்கிற தானேசர், ஹர்ஷர் குடும்பத்தின் பழைய தலைநகரம், ஸ்தாண்வீஸ்வரம் என்பதன் தேய்வு. போலீஸ் ஸ்டேஷனைத் தாணா என்கிறோமே, அதுவும் ஸ்தானம் வழியாக வந்ததுதான். பள்ளிக்கூடத்தில் அப்பாவை ‘டாணாக்காரன்’ என்று கேலி செய்வார்களாம். தெரியாமல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் இந்தப் பெயர் எவ்வளவு பழையது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, 849 வாக்கில் வேணாட்டு ஐயனடிகள் கொடுத்தது. அதில் சேர அரசன் ஸ்தாணு ரவியின் பெயர் ‘கோத்தாணு இரவி’ என்றே வருகிறது. ‘ஸ்’ கிடையாது. தாணுதான். ஆயிரத்து நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜாவுக்குப் பொருந்திய பெயர் கோயம்புத்தூர் பிளாட்டில் ஒரு பையனுக்குப் பொருந்தாதா?

டிசம்பர் 27, சனி

சுசீந்திரம் கோயில் மார்கழித் திருவிழாவுக்குக் கொடியேறி மூன்றாம் நாள். ராத்திரி மக்கள்மார் சந்திப்பு. கோட்டாறு வலம்புரி விநாயகரும் வேளிமலைக் குமரனும் மருங்கூர் சுப்பிரமணியரும் அப்பா அம்மாவைப் பார்க்க வந்தார்கள். நான் மட்டும் போய் வந்தேன். வீட்டில் தீட்டு.

மூத்தவனுக்குப் படுக்கும்போது அனசூயை கதை சொன்னேன். மூன்று தெய்வமும் அதிதி வேஷத்தில் வந்து ஆடையில்லாமல் சோறு பரிமாறச் சொன்னதும், அவள் அத்திரி முனிவரின் பாத தீர்த்தத்தைத் தெளித்து மூன்று பேரையும் கைக்குழந்தைகளாக ஆக்கிவிட்டதும். (ஆடை விஷயத்தை விட்டுவிட்டேன், நாலு வயசுக்கு எதற்கு.) மகள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, “மூணையும் ஒரே நேரத்துலயாப்பா? அவ எப்படித்தான் ஒறங்குனா?” என்றாள்.

அப்புறம் மெதுவாக, “தாணுன்னே வைக்கலாம்ப்பா. மாலயன் மட்டும் வேண்டாம்” என்றாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

பிள்ளை பார்க்க புதுக்கடையிலிருந்து என் மனைவியின் பெரியப்பா வந்தார். தொண்ணூறை நெருங்குகிறார். மட்டிப்பழக் குலை ஒன்று கொண்டுவந்தார். பெயரைச் சொன்னதும் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

“பட்டத்துக்க பேரா?”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பட்டம் தாணு பிள்ளை. திருவிதாங்கூர்–கொச்சி முதலமைச்சர். அவர் ஆட்சியில்தான் 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்கள் மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பெரியப்பா அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். அதற்குப் பிறகு 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு வந்தது. அவர்கள் பக்கம் அந்தப் பெயரைக் கேட்டாலே அந்த நாள்தான் ஞாபகம் வரும் போல.

நான் தாணுலிங்க நாடாரைச் சொல்லிப் பார்த்தேன். 1957 தேர்தலில் நாகர்கோவில் எம்.பி. ஆனவர். “அது வேற தாணு” என்றார். சரி, இதுவும் வேறே தாணு என்று வைத்துக்கொள்ளுங்களேன் என்றேன். பிள்ளையை மடியில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கொள்ளாம்” (நன்றாக இருக்கிறது) என்றார். பிள்ளையையா பெயரையா, கேட்கவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

தேரோட்டம். சாமி தேர், அம்மன் தேர், பிள்ளையார் தேர் என்று மூன்றும் ரத வீதி சுற்றி வந்தன. சாமி தேர் வடத்தைப் பத்தடி தூரம் பிடித்தேன். முட்டி வலிக்கிறது.

ஜனவரி 9, வெள்ளி

மாப்பிள்ளை வந்திருக்கிறார். “ஊர்ல இந்தப் பேர் நிறைய இருக்குங்களா மாமா, கூப்பிட்டா நாலு பேர் திரும்பற மாதிரி?” என்று கேட்டார்.

இதற்குப் பதில் சொல்ல என்னைவிட ஆள் கிடையாது. முப்பத்தாறு வருஷம் தபாலாபீசில் இருந்தேன். எண்பதுகளில் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனபோது ஒரே தெருவில் ஒரு தாணு பிள்ளை, ஒரு தாணுமூர்த்தி, ஒரு தாணுமாலயப் பெருமாள், அப்புறம் எங்கள் அப்பா. கவரில் வெறும் ‘தாணு’ என்றுதான் இருக்கும். கையெழுத்தைப் பார்த்து, எந்த ஊர் முத்திரை என்று பார்த்து, கொடுக்க வேண்டும். ஒரு தடவை பம்பாயிலிருந்து வந்த மணியார்டரை வேறு தாணுவிடம் கொடுத்துவிட்டேன். நல்ல மனுஷர், சாயங்காலமே கொண்டுவந்து தந்தார்.

பிறகு கவுண்டருக்கு வந்தேன். 2015இல் ஆண் பிள்ளைகளுக்காகப் பொன்மகன் சேமிப்புத் திட்டம் வந்தது. ஓய்வு பெறும்வரை எத்தனை பாரம் வாங்கியிருப்பேன் என்று கணக்கில்லை. தாத்தா பெயர், சாட்சி கையெழுத்து என்று பாரத்தின் ஓரங்களில் தாணு வரும். பிள்ளையின் பெயர் எழுதுகிற கட்டத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை. அங்கே ‘விக்’கும் ‘ஷித்’தும்தான். ரிஷ்விக்கும் ரித்விக்கும் ஒரே நாளில் வந்து எனக்குப் பழைய மணியார்டர் ஞாபகம் வந்திருக்கிறது.

மாப்பிள்ளை சிரித்தார். “அப்ப கூப்பிட்டா இவன் மட்டுந்தான் திரும்புவான்.”

ஜனவரி 12, திங்கள்

இருபத்தெட்டாம் நாள். நல்ல பொருத்தம், இன்றைக்கும் சுவாதி. அரையில் கறுப்புக் கயிறு கட்டி, வெற்றிலையால் இடது காதைப் பொத்தி, வலது காதில் மூன்று தடவை பெயர் விளித்தேன். தாணு, தாணு, தாணு. மூன்றாவதுக்குக் கொட்டாவி விட்டான்.

சம்பந்தியம்மா பாயாசம் குடித்துக்கொண்டே, “சின்னதா, நல்லாத்தானுங்க இருக்கு” என்றார். கட்டை பேச்சு எழவில்லை.

ஜனவரி 19, திங்கள்

பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்றப் போனோம். பிறந்து ஒரு வருஷத்துக்குள் என்றால் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் தாமதக் கட்டணம், பதினைந்து வருஷம்வரை. கணினியில் இருந்த பெண் கேட்ட மாத்திரத்தில் ‘தனு’ என்று அடித்துவிட்டாள். மாப்பிள்ளைதான் முந்திக்கொண்டு, “தாணுங்க. துணைக்கால், மூணு சுழி” என்றார். ஆங்கிலத்தில் ஏ ஒன்றா இரண்டா என்று ஐந்து நிமிஷம் பேச்சு. இரண்டு போட்டோம். அப்படியும் கோயம்புத்தூரில் தானு என்றுதான் படிப்பார்கள், பார்த்துக்கொள்ளட்டும்.

திரும்பும் வழியில் சருவத்தைப் பாத்திரக்கடையில் கொடுத்தேன். அந்த ‘லை’யை எடுக்க முடியுமா என்று கேட்டதற்கு, தேய்த்தால் செம்பு ஓட்டையாகிவிடும் என்றார் கடைக்காரர். அப்படியானால் அதன் கீழேயே ‘தாணு’ என்று ஒன்று வெட்டிவிடுங்கள் என்றேன். ஐம்பது ரூபாய் சொன்னார். ரெண்டே எழுத்துதானே என்று நாற்பதுக்கு முடித்தேன்.