புள்ளி உதிர்ந்த டீ-ஷர்ட்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். பதினொரு வருடமாக, பிறர் விட்ட ஒற்றையும் புள்ளியையும் தேடிப் பிடித்துச் சிவப்பு மையில் வட்டமிட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் தன் கையால் செய்த டீ-ஷர்ட்டில் எழுத்துப்பிழை என்றால் வெளியில் சொல்ல மனம் வருமா? ஆனால் அக்கா அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். சித்தப்பாவிலிருந்து எல்லோரும் சிரித்து முடித்தாயிற்று. இனி நானே எழுதிவிடுவது மேல்.

அக்கா மகளுக்கு ஆறு வயது. பாட்டியின் முந்தானையை விட்டு நகராத பிள்ளை. அவளுக்கு மஞ்சள் டீ-ஷர்ட் ஒன்றில் சிவப்பு எழுத்தில் ‘பாட்டி செல்லம்’ என்று ஒட்டிக் கொடுத்தேன். இரண்டாவது துவைப்பில் ‘ட்’டின் மேலிருந்த புள்ளி போய்விட்டது. அந்த ஒன்றுதான், ‘ல்’லுக்கும் ‘ம்’முக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொடியிலிருந்து எடுத்து மடிக்கும்போது அம்மாதான் பார்த்தாள். “என்னடி இது, ‘பாடடி செல்லம்’னு போட்டிருக்கு?” என்று உரக்கப் படித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குட்டி, தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எழுந்து நின்று பாடவே ஆரம்பித்துவிட்டது.

இந்த டீ-ஷர்ட் பித்து பிடித்து எட்டு மாதம் ஆகிறது. தொடங்கியது டிரான்ஸ்ஃபர் தாளில். சாதாரண இங்க்ஜெட் பிரிண்டர் போதும். தாளின் ஒரு பக்கத்தில் மெல்லிய படலம் பூசியிருக்கும். அதன் மேல் அச்சடித்து, துணியில் கவிழ்த்து வைத்து இஸ்திரிப்பெட்டியால் சூடு கொடுத்தால், படலம் இளகி நூலிழைகளுக்குள் இறங்கும். ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். முதுகுத் தாளை உரித்துவிட வேண்டியதுதான். சில வகையைச் சூடாக இருக்கும்போதே உரிக்க வேண்டும், சில வகையை நன்றாக ஆறவிட்டு உரிக்க வேண்டும். எது எப்படி என்று உறையில் போட்டிருக்கும். மாற்றிச் செய்தால் பாதி எழுத்து தாளோடு வந்துவிடும்.

முதல் தாளை அச்சடித்தவுடன் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. மூன்று தடவை மெய்ப்புப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. ஒட்டி உரித்தால், முழு வரியும் வலமிருந்து இடமாக ஓடுகிறது. கவிழ்த்து ஒட்டுகிற தாளில் எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பித்தான் இருக்க வேண்டும். தாளில் ஒழுங்காகப் படிக்க முடிந்ததே தப்பு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ‘ப’ மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ‘ப’வாகவே நின்று என் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றியது. இப்போதெல்லாம் திருப்பி அச்சடித்த தாளை போனின் செல்ஃபி கேமராவுக்கு முன்னால் பிடித்து, திரையில் படிக்கிறேன். திரையில் சரியாகத் தெரிந்தால் துணியிலும் சரியாக வரும். மெய்ப்புப் பார்க்க இப்படி ஒரு வழி இருப்பது எங்கள் தொழிலில் யாருக்கும் தெரியாது.

அடுத்த பலி ஒரு கறுப்பு டீ-ஷர்ட். வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. தாளின் வெள்ளையைத்தான் நாம் படத்தின் வெள்ளை என்று பார்க்கிறோம். வெளிர்நிறத் துணிக்கான தாளில் படலம் ஒளி ஊடுருவக்கூடியது. அடியில் துணி என்ன நிறமோ அதுதான் மேலே வரும். நான் ஒட்டிய வெள்ளைப் பூனை கறுப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பூனை இருந்த இடத்தில் ஒரு மினுமினுப்பு மட்டும் தெரியும்.

அடர்நிறத் துணிக்கென்று தனித் தாள் இருக்கிறது. அதில் படலமே வெள்ளை. வேலைமுறையும் நேர்மாறு: படத்தைத் திருப்பக் கூடாது, ஓரத்தை வெட்டி, முதுகுத் தாளை முதலிலேயே உரித்து, படம் மேலே பார்க்க வைத்து, பேக்கிங்குக்கு விரிக்கும் தாளை அதன்மேல் போட்டுச் சூடு கொடுக்க வேண்டும். அந்தத் தாள் மெழுகு பூசியதாக இருக்கக் கூடாது. மெழுகு உருகித் துணியில் இறங்கிவிடும். உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த வகையே பிடிக்கவில்லை. நெஞ்சில் ஓர் அட்டையைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. காற்றுப் புகாமல் அந்த இடம் மட்டும் வியர்க்கும். சின்னப் படம் என்றால் சரி, பொறுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒன்று. இங்க்ஜெட் தாளை லேசர் பிரிண்டரில் மட்டும் விட்டுவிடாதீர்கள். லேசர் பிரிண்டர் தூள் மையைச் சுட்டு உருக்கித்தான் தாளில் பதிக்கிறது. அந்தச் சூட்டில் படலம் உள்ளேயே இளகி உருளையில் சுற்றிக்கொள்ளும். அலுவலக பிரிண்டரில் யாருக்கும் தெரியாமல் அச்சடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தவள் நான். உறையின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் இருந்ததால் வேலை தப்பியது.

மூன்றாவது தோல்விக்குத் தமிழைத்தான் குற்றம் சொல்வேன். துணி தேய்க்கிறோம் என்றுதானே சொல்கிறோம்? கையும் அதற்கே பழகியிருக்கிறது. இந்த வேலையில் தேய்க்கவே கூடாது. படலம் இளகியிருக்கும்போது பெட்டியை முன்னும் பின்னும் இழுத்தால் எழுத்தும் கூடவே இழுபடும். எனக்கு ஒரு ‘வ’ அப்படித்தான் வாலை நீட்டிக்கொண்டது. வைக்க வேண்டும், அழுத்த வேண்டும், மனத்துக்குள் எண்ண வேண்டும், தூக்க வேண்டும், அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். கை தானாக ஓடப் பார்க்கும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு செய்த நாளும் உண்டு.

பெட்டியில் நீராவியை நிறுத்திவிட வேண்டும். நான் தண்ணீரையே கொட்டிவிடுகிறேன். துணியில் ஈரம் இருந்தால் பிடிப்பு வராது. அதற்காகவே, ஒட்டுவதற்கு முன் வெறும் துணியைப் பத்து வினாடி அழுத்தி ஈரத்தை விரட்டுவது. புது டீ-ஷர்ட்டை முதலில் ஒரு தடவை துவைத்துவிட வேண்டும். பனியன் துணி சுருங்குவதென்றால் ஒட்டுவதற்கு முன்பே சுருங்கித் தொலையட்டும். அந்தத் துவைப்பில் துணியை மிருதுவாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது, அது இழையில் பூச்சாகப் படிந்து ஒட்டவிடாமல் செய்யும்.

இஸ்திரி போடும் பலகை இதற்கு உதவாது. அதன் மெத்தை நாம் கொடுக்கும் அழுத்தத்தை எல்லாம் விழுங்கிவிடும். கெட்டியான தளம் வேண்டும். முதலில் சாப்பாட்டு மேசையில் செய்தேன். வார்னிஷ் வெள்ளை பூத்துவிட்டது, அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது தரையில் ஒரு பழைய மரப்பலகை, அதன் மேல் சுருக்கமில்லாத தலையணை உறை, நான் மண்டி போட்டு மேலே. உடம்பின் பாரம் முழுவதையும் கையில் இறக்க முடிகிறது. முழங்காலுக்கு ஒரு மெத்தை வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் கற்ற பிறகுதான் வினைலுக்குப் போனேன், அதாவது எழுத்தாக வெட்டிச் சூட்டில் ஒட்டும் வண்ண பிளாஸ்டிக் தாளுக்கு. எழுத்து மட்டும் என்றால் வினைல்தான் அழகு. ஒற்றை நிறம், சுற்றிலும் படலத்தின் எச்சம் தெரியாது. பளபளப்பான பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தாங்குதாள் இருக்கும். மங்கலான மறுபக்கம்தான் பசை. அந்தப் பக்கத்தில் எழுத்தைத் திருப்பி வரைந்து, தாங்குதாள் அறுபடாமல் வினைலை மட்டும் கீற வேண்டும். அப்புறம் வேண்டாத பகுதியை ஊசியால் கிளப்பி உரித்தால், எழுத்துகள் தாங்குதாளில் அதனதன் இடத்தில் நிற்கும். வெட்டுவதற்கு மெஷின் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் பிளேடு பொருத்திய பேனாக்கத்திதான். ‘செ’யின் கொம்பில் அந்தச் சுழியை வெட்டுவதற்குள் மூச்சை இரண்டு தடவை பிடித்து விட வேண்டியிருக்கிறது. சுழிக்குள்ளிருந்து கிளப்பி எடுக்கும் சிவப்புத் துணுக்கு, எறும்பு அளவுதான் இருக்கும்.

சரி, புள்ளிக்கு வருகிறேன். அந்த டீ-ஷர்ட்டில் மூன்று புள்ளிகள். ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர். ஒட்டியது எதுவானாலும் பெயரத் தொடங்குவது ஓரத்திலிருந்துதான். பெரிய எழுத்துக்கு ஓரம் கொஞ்சம் கிளம்பினாலும் நடுப்பகுதி பிடித்துக்கொண்டிருக்கும். 3 மில்லிமீட்டர் புள்ளியில் ஓரத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? சதுரமாக வெட்டிய படத்தில் நான்கு மூலையும் முதலில் எழும்புவதும் இதனால்தான், நான் மூலைகளை வளைத்துத்தான் வெட்டுவேன்.

ஆனால் மூன்றில் ஒன்று மட்டும் ஏன் போனது? இது என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கடைசியில் ஆறிய பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடித்தகட்டில் வரிசையாக நீராவித் துளைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய என் புள்ளி அளவு. துளை இருக்கும் இடத்தில் உலோகம் துணியைத் தொடாது, அழுத்தமும் கிடையாது. ‘ட்’டின் புள்ளி சரியாக ஒரு துளைக்கு அடியில் மாட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அதிலிருந்து, ஒரே இடத்தை இரண்டு முறை அழுத்துகிறேன். இரண்டாவது முறை பெட்டியை ஒரு விரல் அகலம் நகர்த்தி வைத்து. குமிழை எங்கே நிறுத்துவது என்பதையும் பார்க்க வேண்டும். குமிழில் போட்டிருக்கும் குறி மூன்று புள்ளி என்றால் 200 டிகிரி செல்சியஸ் வரை, இரண்டு என்றால் 150 வரை. நான் வாங்கும் வினைலுக்கு 150-ஐ ஒட்டிய சூடு போதும். பெட்டி நிலையாக ஒரே சூட்டில் நிற்பதில்லை என்பதால் குமிழை இரண்டுக்குச் சற்று மேலே வைக்கிறேன். பாருங்கள், அங்கேயும் புள்ளிதான்.

என் பங்குக்கு இன்னொரு தவறும் உண்டு. ஒட்டிய பிறகு 24 மணி நேரமாவது தண்ணீர் காட்டக் கூடாது. நான் இரவு ஒட்டிக் கொடுத்து, மறுநாள் காலையிலேயே குழந்தை அதில் சாம்பாரைக் கொட்டி, அக்கா வெந்நீரில் முக்கிவிட்டாள். உட்புறம் வெளியே வரத் திருப்பிக் குளிர்ந்த தண்ணீரில் துவைக்கச் சொல்லியிருக்க வேண்டும். எழுத்தின் மேல் பிரஷ் போடாதே என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை இல்லை. சிறிய ‘ஐ’, ‘ஜே’ இரண்டுக்கும்தான் தலையில் புள்ளி. நமக்கு அடுத்தடுத்த எழுத்துக்கெல்லாம் புள்ளி. அதுவும் எழுத்தைத் தொடாமல் தனியாக நிற்கிறது. படலம் தெரியாமல் இருக்க எழுத்தை ஒட்டி வெட்டுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். டிரான்ஸ்ஃபர் தாளில் தமிழ் எழுதுகிறவர்கள் அதைக் கேட்க வேண்டாம் என்பேன். சொல்லைச் சுற்றி அரை விரல் இடம் விட்டு, புள்ளிகளையும் உள்ளடக்கி ஒரே துண்டாக வெட்டுங்கள். ஓரம் லேசாகத் தெரிந்தால் தெரியட்டும்.

குழுவில் சிரித்தவர்களுக்கு நான் கொடுத்த பதில் வேறு. ஓலைச்சுவடி எழுதியவர்கள் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லை. படிக்கிறவர்கள்தான் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள், நீங்களும் அப்படியே படியுங்கள் என்று எழுதினேன். அக்கா கட்டைவிரல் படம் ஒன்று போட்டாள். கீழே பார்க்கும் கட்டைவிரல்.

பிறகு புள்ளியைத் திரும்ப வைத்தேன். காகிதத்தில் துளை போடும் பஞ்ச் மேசையிலேயே இருந்தது. வினைல் துண்டை அதற்குள் விட்டு அழுத்தினால் கச்சிதமான வட்டம் விழுகிறது, 6 மில்லிமீட்டர். பழைய புள்ளியைவிட இரண்டு மடங்கு அகலம். ஒன்று பெரிதாகவும் இரண்டு சிறிதாகவும் இருந்தால் கண்ணை உறுத்தும் என்பதால் மற்ற இரண்டின் மேலும் அதே வட்டத்தை வைத்து மூடிவிட்டேன். பெட்டியின் மூக்குப் பகுதியில் துளை இல்லாத இடமாகப் பார்த்து, இடையில் தாள் போட்டு, ஒவ்வொன்றையும் பதினைந்து வினாடி அழுத்தினேன். துவைத்து நான்கு முறை ஆகிவிட்டது. நகத்தால் கிளப்பினாலும் வரவில்லை.

கிளப்பிப் பார்த்தது நான் இல்லை. “ஏன் சித்தி மறுபடி வச்ச? இப்ப நான் பாடக் கூடாதா?” என்று கேட்டுவிட்டு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சுரண்டிக்கொண்டிருக்கிறாள் குட்டி. சமாதானத்துக்கு இன்னொரு டீ-ஷர்ட் பேசியிருக்கிறோம். இந்தத் தடவை வாசகம் அவளுடையது: ‘ஆடடி செல்லம்’. மொத்தம் இரண்டே புள்ளி. இரண்டையும் பஞ்சில் வெட்டி ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறேன். டீ-ஷர்ட் முதல் துவைப்பு முடிந்து கொடியில் கிடக்கிறது, இன்னும் காயவில்லை.