வாய் கட்டிப் பூசை செய்யும் சந்நிதியில்

அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தால் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் அன்னதானம் கொடுப்பதாக நேர்த்தி. முருகன் தன் பங்கை எப்போதோ செய்துவிட்டான். எங்கள் பங்குதான் மழை, வேலை, காசு என்று தள்ளிக்கொண்டே போனது. ஒருவழியாகப் போன வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து அச்சுவேலி வழியாகத் தொண்டைமானாறு போய்ச் சேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமைச் சனத்தைச் சொல்லி முடியாது. பஸ்ஸில் நின்றே பயணம். இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அதைக் கடந்தால், "ஐயா, செருப்பை இங்கே விடுங்கள்" என்று கடைக்காரர்கள் கையைப் பிடிக்காத குறை. செருப்பை விட்டால் அர்ச்சனைத் தட்டும் அங்கேதான் வாங்க வேண்டும். அன்னதானக் கந்தன் வாசலிலா இந்த வியாபாரம் என்று எரிச்சலாக வந்தது.

சட்டையைக் கழற்றி உள்ளே போனேன். கப்பூகர் என்று இங்கே அழைக்கப்படும் பூசகர் வெண்துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசையைத் தொடங்கினார். மற்றக் கோயில்களில் ஐயரின் மந்திரம் மனத்தைக் கொஞ்சமாவது இழுத்து வைக்கும். இங்கே முதலில் பூசை செய்த மருதர் கதிர்காமர் வழிவந்த இந்தப் பூசையில் அதுவும் இல்லை, மணியோசை மட்டும்தான். அந்த மௌனத்தில் என் மனம் பேசத் தொடங்கிவிட்டது. கனடாவிலிருக்கும் அண்ணன் காணிப் பங்கைப் பற்றி அனுப்பிய குறுஞ்செய்தி, அவருக்கு எழுத வேண்டிய சூடான பதில், கிணற்றடி வேலி யாருடையது என்ற வழக்கு. வேலுக்கு முன்னால் கைகூப்பி நின்றபடி அண்ணனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணை இறுக மூடினால் வேலி இன்னும் தெளிவாகத் தெரிந்தது!

பக்கத்தில் ஓர் ஆச்சி. அவர் எதையும் மறைக்கவில்லை. "முருகா, கூரை ஒழுகுகிறது. மருமகள் முகம் கொடுத்துப் பேசுகிறாள் இல்லை. கோழி இரண்டைக் காணவில்லை. எல்லாம் உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன்" என்று சொந்த மகனிடம் முறையிடுவதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். கோழி வரைக்கும் வந்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான் விரட்ட முயன்றதையெல்லாம் அவர் அவனிடமே கொட்டிக்கொண்டிருந்தார். நானும் சொன்னேன்: வேலியையும், பதிலையும், அண்ணன் மீதிருந்த கோபத்தையும். தீபம் எழுந்தபோது "அரோகரா" என்ற சத்தத்தில் கூட்டமே உருகியது. வேல் தெரிந்தது. அந்தக் கணத்தில் கேட்க எதுவும் மிச்சமிருக்கவில்லை.

இங்கே 65 ஆலம் இலைகளில் படைக்கும் அமுதை நோய் தீர்க்கும் மருந்தென்றே நம்புகிறோம். அம்மாவுக்கென்று அதில் கொஞ்சம் கிடைத்தது. மடத்துப் பந்தியில் முதல் ஆளாக அந்த ஆச்சி இருந்தார். என் கையாலேயே அவருக்குச் சோறு போட்டேன். யாருடைய உபயம் என்று அவர் கேட்கவில்லை, சாம்பார் இன்னும் கொஞ்சம் என்றுதான் கேட்டார். அப்பனே, அம்மா இப்போது பஞ்சாங்கத்தைத் தானே வாசிக்கிறார். அண்ணனுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. அதை உன் பொறுப்பில் விட்டிருக்கிறேன். ஆவணித் திருவிழாவுக்கு அம்மாவையும் கூட்டிவர நீதான் அருள வேண்டும்.