சுரூபம், தூபம், முழங்கால்: எல்லை எங்கே இருக்கிறது?

கத்தோலிக்கக் கோவிலில் சுரூபத்தை (சிலையை) வணங்குவது ஆராதனையா, மரியாதையா? சுரூபத்துக்குத் தூபம் காட்டுவதற்கும் கணக்கு உண்டு. உரோமைத் திருப்பலி (பூசை) நூலின் பொது விதிமுறைகளில் 277ஆம் எண்ணைப் பாருங்கள். நற்கருணைக்கு, அதாவது திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாகும் அப்பத்துக்கு, தூபக்கலசத்தை மூன்று முறை அசைக்க வேண்டும். பொது வணக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண்டவரின் உருவம், காணிக்கைப் பொருள்கள், பீடச் சிலுவை, நற்செய்தி நூல், பாஸ்கா திரி, குரு, மக்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் மூன்று. புனிதர்களின் உருவங்களுக்கு இரண்டுதான். அதுவும் திருப்பலியின் தொடக்கத்தில், பீடத்துக்குத் தூபம் காட்டி முடித்த பிறகு ஒரே தடவை.

கோவிலில் நிற்கும் சனங்களுக்கு மூன்று, அந்தோணியாருக்கு இரண்டு என்றால், தூபம் காட்டினாலே ஆராதனை ஆகிவிடாது என்று தெரிகிறது. அது மரியாதை. ஆராதனையைக் காட்டுவது முழங்கால். 274ஆம் எண் இதைத் தெளிவாகச் சொல்கிறது: வலது முழங்காலைத் தரையில் படும்படி மடக்கி வணங்குவது நற்கருணைக்கு உரியது. பெரிய வெள்ளியன்று நடக்கும் சிலுவை ஆராதனையிலிருந்து பாஸ்கா திருவிழிப்பு (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடு) வரை திருச்சிலுவைக்கும் உண்டு. மாதாவுக்கோ சூசையப்பருக்கோ கிடையாது. அவர்கள் முன் கைகூப்பலாம், தலைவணங்கலாம், இரு முழந்தாளிலும் நின்று மன்றாடலாம். நற்கருணைப் பேழைக்கு முன் செய்யும் அதே வணக்கத்தைச் சுரூபத்துக்கும் செய்வதுதான் தவறு.

“நீங்களும் சிலையைத்தானே கும்பிடுறீங்க?” என்று சிஎஸ்ஐ உறவினர்களும் பெந்தெகொஸ்தே நண்பர்களும் கேட்கும்போது, நம்மூர்க் கத்தோலிக்கர்கள் பலர் “இல்லைங்க, அது ஒரு ஞாபகத்துக்குத்தான்” என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பதில் போதாது. வெறும் ஞாபகத்துக்கு மாலை போடுகிறவர் யாரும் இல்லை. திருச்சபையின் பதிலில் இதைவிட நுணுக்கம் இருக்கிறது.

விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 20ஆம் அதிகாரம் உருவம் செய்து வணங்குவதைத் தடுக்கிறது. அதே நூலின் 25ஆம் அதிகாரம், உடன்படிக்கைப் பேழையின் மூடிமேல் இரண்டு பொன் கெருபுகளை (வானதூதர் உருவங்களை) செய்யச் சொல்கிறது. எண்ணிக்கை (எண்ணாகமம்) 21இல் மோசே கடவுள் சொன்னபடியே வெண்கலப் பாம்பைச் செய்து கம்பத்தில் உயர்த்துகிறார். பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்துப் பிழைக்கிறார்கள். கத்தோலிக்கர்கள் வழக்கமாக இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். நான் இன்னும் கொஞ்சம் முன்னே போகச் சொல்வேன். 2 அரசர்கள் (2 இராஜாக்கள்) 18:4இல் எசேக்கியா மன்னர் அதே பாம்பை உடைத்துப் போடுகிறார். காரணம், மக்கள் அதுவரைக்கும் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். கடவுளே செய்யச் சொன்ன உருவம்தான், உயிர் காத்த உருவம்தான், ஆனாலும் உடைபட்டது. செய்தபோது அதில் குற்றம் இல்லை. பின்னால் வந்தவர்கள் அதை நடத்திய விதத்தில்தான் குற்றம் வந்தது. கோவிலில் சுரூபம் வைத்திருக்கிற ஒவ்வொரு பங்கும் இந்த வசனத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வரலாற்றிலும் இந்தச் சண்டை புதிதல்ல. 8ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர்கள் உருவங்களை அகற்றினார்கள். 754இல் கூடிய ஓர் ஆயர் சங்கம் அதற்கு ஒப்புதலும் கொடுத்தது. அந்தச் சங்கத்துக்கு முன்பே தமஸ்கு நகரத்து யோவான் உருவ அகற்றலை எதிர்த்து எழுதியிருந்தார். காணமுடியாத கடவுளுக்கு உருவம் வரைய முடியாதுதான். ஆனால் அவர் மனிதராகி மக்கள் நடுவே வாழ்ந்தார், அப்படிக் கண்ணால் கண்டவரை வரையலாம் என்பது அவர் வாதம். 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அது காட்டும் ஆளையே சேரும், உண்மையான ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்று தீர்ப்புச் சொன்னது. 1563 டிசம்பரில் திரிதெந்தீன் சங்கம் இன்னும் கறாராகப் பேசியது: உருவங்களுக்குள் தெய்வத்தன்மையோ சக்தியோ இருப்பதாக நம்பக்கூடாது, அவற்றிடம் எதையும் கேட்கக்கூடாது, அவற்றின்மேல் நம்பிக்கை வைக்கக்கூடாது. “இந்த மாதா ரொம்பச் சக்தி வாய்ந்த மாதா, அந்தக் கோவில் மாதா அவ்வளவு இல்லை” என்று பேசுவது இந்தத் தீர்ப்புக்கு நேர் எதிரானது. மாதா ஒருவர்தான்.

16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தக்காரர்களும் ஒரே குரலில் பேசவில்லை. 1522இல் விட்டன்பர்கில் சிலைகளை உடைக்கக் கிளம்பியவர்களை லூத்தர் தடுத்தார். 1524இல் சூரிக் நகரில் சுவிங்லியின் காலத்தில் கோவில்களிலிருந்து உருவங்கள் எடுக்கப்பட்டன. இந்த இரண்டாம் வழியின் தொடர்ச்சிதான் கொங்கு நாட்டுக்கு வந்த லண்டன் மிஷன். 1830இல் ஆடிஸ் என்ற மிஷனரி கோவைக்கு வந்து தொடங்கிய பணியில் உருவங்களுக்கு இடமில்லை. வெறும் சுவர், வெறும் சிலுவை, பிரசங்க மேடை. அந்த வெறும் சுவரைக் கத்தோலிக்கர்கள் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. எசேக்கியாவின் கவலை அங்கே கட்டடமாக நிற்கிறது.

“கத்தோலிக்கர்கள் இரண்டாம் கட்டளையை எடுத்துவிட்டார்கள்” என்ற, உருவத் தடை பற்றிய குற்றச்சாட்டும் அடிக்கடி வரும். இதற்குப் பதில் பத்துக் கட்டளைகளை எண்ணும் முறையில் இருக்கிறது. கத்தோலிக்கர்களும் லூத்தரன்களும் புனித அகுஸ்தினாரின் வரிசையைப் பின்பற்றி, உருவம் பற்றிய வரிகளை முதல் கட்டளைக்குள்ளேயே சேர்த்து, பிறர் மனைவியை, பிறர் பொருளை விரும்பாதே என்பதை இரண்டாகப் பிரித்துப் பத்தாக்குகிறார்கள். ஆங்கிலிக்கன், சீர்திருத்த வழியினர் உருவம் பற்றியதைத் தனிக் கட்டளையாக எண்ணுகிறார்கள். எல்லோருடைய வேதாகமத்திலும் வரிகள் இருக்கின்றன. ஆனால் ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்பில் முதல் கட்டளையைச் சுருக்கி மனப்பாடம் செய்ய வைப்பதால் பிள்ளைகளுக்கு அந்த வரிகள் தெரியாமல் போகிறது. முழு வசனத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டால் இந்தக் கேள்விக்கு அவர்களே பதில் சொல்வார்கள்.

இனி கோவிலுக்குள் வருவோம். சுற்றிலும் மாரியம்மன், அண்ணமார், குலதெய்வக் கோவில்கள் இருக்கிற ஊர்கள் நம்முடையவை. அங்கே கண் திறப்பும் பிரதிஷ்டையும் நடந்து, தெய்வம் எழுந்தருளியிருக்கிறது என்ற நம்பிக்கையோடு வழிபடுகிறார்கள். அது அவர்களுடைய முறை. சுரூபத்தை மந்திரிப்பது (குரு ஆசீர்வதிப்பது) அதுபோன்ற சடங்கு அல்ல. யாரையும் அதற்குள் வந்து தங்கும்படி குரு அழைப்பதில்லை. கடவுளுக்கு நன்றி சொல்லி, அதைப் பார்த்துச் செபிப்பவர்களுக்காக மன்றாடுகிறார். அதனால் மந்திரிக்காத சுரூபத்தில் ‘சாமி இல்லை’ என்றும், மந்திரித்ததில் ‘சாமி இருக்கு’ என்றும் சொல்வது இரண்டுமே பிழை.

மேலே சொன்ன பொது விதிமுறைகளின் 318ஆம் எண் சொல்வது: ஒரு புனிதருக்கு ஒரு கோவிலில் வழக்கமாக ஒரே உருவம்தான் இருக்க வேண்டும், திருப்பலியிலிருந்து மக்களின் கவனத்தைத் திருப்பும் இடத்தில் எதையும் வைக்கக்கூடாது. நம் பக்கம் ஆரோக்கிய மாதா, லூர்து மாதா, சகாய மாதா, செபமாலை மாதா என நான்கையும் ஒரே சுவரில் வரிசையாக வைத்துவிடுகிறார்கள். அன்பளிப்பாக வந்ததை மறுக்க மனம் வராததுதான் காரணம். மறுக்க வேண்டாம், வீட்டுக்கோ சிற்றாலயத்துக்கோ அனுப்புங்கள். புதிதாகக் கட்டும் கோவிலில் புனிதர்களின் சுரூபத்தைப் பீடத்துக்கு மேலே வைக்கக்கூடாது என்பதை வரைபடம் போடும்போதே மேஸ்திரியிடம் சொல்லிவிட வேண்டும். மாடம் கட்டிய பிறகு யாரும் இடிக்க மாட்டார்கள்.

அக்டோபரில் கருமத்தம்பட்டி செபமாலை அன்னையிடம் போகிறவர்கள் இந்த வரிசையைப் பிள்ளைகளுக்குப் பழக்கலாம்: நுழைந்ததும் நற்கருணைப் பேழைக்கு முழங்கால், அதன் பிறகு மாதா, கடைசியாக மெழுகுதிரி. மன்றாட்டுமாலையைக் கவனித்துச் சொன்னால் அதுவே பாடம். கடவுளை அழைக்கும்போது இரக்கம் கேட்கிறோம். மாதாவையும் புனிதர்களையும் அழைக்கும்போது “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்கிறோம். பாடகர் குழு வேகவேகமாக ஓட்டினால் இந்த வேறுபாடு காதில் விழாது.

தேர்பவனியில் வேறு சிக்கல்கள். ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புத் திருவிழா வரும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னும் அடங்கியிருக்காது. உயரமான வளைவும் துணித் திரையும் வைத்த சப்பரம் காற்றைப் பிடித்து ஆடும். சுரூபத்தின் அடிப்பலகையை நான்கு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கி, இடுப்பளவில் ஒரு கயிற்றை அங்கிக்குப் பின்னால் கட்டுங்கள். பாரிஸ் சாந்து சுரூபமானால் ஈர மாலையைக் கழுத்தில் போடாதீர்கள். நீர் வண்ணத்துக்கு அடியில் இறங்கிச் சாந்தை இளக்கும், உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கையையும் விரலையும் வெடிக்க வைக்கும். மாலையைப் பாதத்தில் வைத்தால் போதும். ஃபைபர் சுரூபம் தண்ணீருக்குத் தாங்கும், நெருப்புக்குத் தாங்காது. மெழுகுதிரித் தட்டை இரண்டடியாவது தள்ளி வையுங்கள். தூசியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், ஈரத் துணி வேண்டாம்.

தவக்காலத்தின் 5ஆம் ஞாயிறிலிருந்து ஊதாத் துணியால் சிலுவையையும் சுரூபங்களையும் மூடும் வழக்கத்தை விட்டுவிட்ட பங்குகள் மீண்டும் தொடங்கலாம். சிலுவையைப் பெரிய வெள்ளிச் சடங்கு முடியும் வரையும், மற்ற உருவங்களைப் பாஸ்கா திருவிழிப்பு தொடங்கும் வரையும் மூடி வைக்கலாம். உருவம் கண்ணுக்குத் தெரியாத அந்த நாட்களில் நம் செபம் குறைகிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளலாம்.

உடைந்த சுரூபத்தைக் குப்பையிலும் போட வேண்டாம், நொய்யலிலும் விட வேண்டாம். மரத்தாலானதை எரித்துச் சாம்பலைப் புதையுங்கள். சாந்தாலானதை உருவம் தெரியாத அளவுக்கு நொறுக்கி, கோவில் வளாகத்தில் யாரும் மிதிக்காத மூலையில் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். நொறுக்கினால் பாவம் வருமோ என்று சிலர் தயங்குவார்கள். உருவம் போன பிறகு அது மண்தான், தயங்காமல் செய்யலாம்.