மேட்டூர், ஜூன்

ஜூன் 3
ராத்திரி இரண்டு மணிக்குப் போன். தம்பிக்கு வலது கை.

ஜூன் 4
சேலம் ஆஸ்பத்திரியில் பட்டாசு என்று சொல்லிவிட்டாள் அம்மா. ஜூன் மாதம் எவன் பட்டாசு வெடிப்பான்?

ஜூன் 6
கடை திறந்தேன். பூங்காவுக்கு வருகிற கூட்டத்துக்கு என் வீட்டுக் கதை எதற்கு, பொரித்த மீன் வேண்டும். காலையில் பண்ணவாடிப் பக்கமிருந்து கூடை வந்தது. ரோகு, கட்லா, அடியில் ஒரு வாளை. செவுள் சிவப்பாகத்தான் இருந்தது. வயிற்றைக் கீறியதும் தெரிந்துவிட்டது. காற்றுப்பை கந்தலாகக் கிழிந்திருக்கிறது, நடுமுள்ளை ஒட்டி ரத்தம் கட்டியிருக்கிறது. வலை மீனுக்கு மேலே நூல் தடம் இருக்கும், உள்ளே சுத்தமாக இருக்கும். தோட்டா மீன், தண்ணீரில் வெடி போட்டுப் பிடித்தது, மேலே பளபளப்பு, உள்ளே கூழ். வாளைக்குள் கை நிறையச் சினை வேறு.

திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன். "ஏங்க்கா, தம்பிக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருக்குமே" என்றான் கூடை கொண்டுவந்தவன்.

ஜூன் 7
இரண்டு விரல் தேறும் என்கிறார்கள்.

ஜூன் 8
தூக்கமில்லை. தோட்டா போட்டால் மிதக்கிறது கொஞ்சம்தான். காற்றுப்பை கிழிந்ததில் பாதி அடியில் போய்க் கிடந்து அழுகும், யாருக்கும் ஆகாது. குஞ்சும் போச்சு. அப்பா தங்கூசி நைலான் வலைக்கே திட்டுவார். கண்ணி சின்னதாக இருந்தால், "அடுத்த வருசத்தையும் சேர்த்து இழுக்கறான்" என்பார்.

அவர் சொல்லிச் சொல்லித்தான் மகசீர் மீன் எனக்குத் தெரியும். முதுகு திமில் மாதிரி எழும்பிய காவிரி மகசீர், ஐம்பது கிலோவுக்கு மேலேயும் வளருமாம். ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகள் கடையில் சாப்பிட்டபோது சொன்னார்கள்: 2018-இல் அழிவின் விளிம்பில் இருக்கிற இனமென்று சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டதாம். புதுவெள்ளத்தில் எதிரேறிப் போய்த்தான் முட்டையிடும். 1934-இல் அணை வந்ததும் கீழே இருந்ததற்கு வழி அடைபட்டது. மேலே இருந்ததற்குத் தோட்டா. போதாததற்கு, ஆற்றில் மகசீரைப் பெருக்குகிறோம் என்று மகாராஷ்டிரத்து லோனாவாலா பண்ணையில் குஞ்சு பொரித்த வேறு மகசீர் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று காவிரியில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், யாரைத் திட்டுவது?

தம்பி அங்கே படுத்துக் கிடக்கிறான், நான் மீனை நினைத்துக்கொண்டு முழித்துக் கிடக்கிறேன்.

ஜூன் 9
கடை லீவு.

ஜூன் 10
போனில் பேசினான். அழுவான் என்று நினைத்தேன். "திரி கொஞ்சம் கட்டையாப் போச்சுக்கா." அதுதான் அவன் வருத்தம்!

ஜூன் 11
போலீஸ்காரர் இரண்டு பேர் வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் கேட்கவில்லை. தோட்டாவுக்கும் விஷத்துக்கும் 1897-ஆம் வருசத்து மீன்வளச் சட்டத்திலேயே தடை. வெள்ளைக்காரன் எழுதியபோது அபராதம் 200 ரூபாய் வரை, இல்லாவிட்டால் இரண்டு மாசம் வரை ஜெயில். அன்றைக்கு 200 என்பது ஒரு குடும்பத்தையே சாய்க்கிற காசு. அம்மாவுக்குப் பயம் இந்தச் சட்டமில்லை, வெடிமருந்துச் சட்டம்.

ஜூன் 12
குறுவைக்குத் தண்ணீர் திறக்கிற தேதி. நல்ல கூட்டம். ஜிலேபி மீன் மட்டும் வாங்கிப் பொரித்தேன். அதற்கு யார் காவலும் வேண்டாம், குட்டையில் விட்டாலும் பெருகிவிடும். "வாளை இல்லையாம்மா?" என்று பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். எரிச்சலாக வந்தது.

ஜூன் 14
திங்கட்கிழமை டிஸ்சார்ஜ். பரிசலை எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்கிறான். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.