முடக்குவாத ஊசிக்கு மறுத்த கிளெய்ம், தேனாம்பேட்டையில் கிடைத்த தீர்ப்பு

எனக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். 2020-இல் ஆன்டி சி.சி.பி. ரத்தப் பரிசோதனையில் உறுதியானது. கொஞ்ச காலம் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையில் ஓடியது. அது கேட்காமல் போனதும் ருமட்டாலஜி டாக்டர் ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசி மருந்தைப் போடச் சொன்னார். ஒரு கிராம் மருந்தை டிரிப்ஸில் மெதுவாக ஏற்றுவார்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொரு கிராம். காலையில் அட்மிட் ஆனால் சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடலாம். 2024-இல் போட்டுக்கொண்டு பில்களை இன்சூரன்ஸுக்கு அனுப்பினோம். 2015-லிருந்து விடாமல் பிரீமியம் கட்டிவரும் பாலிசி.

வந்த பதிலில் இரண்டு காரணங்கள். ஒன்று, 24 மணி நேரம் தங்காததால் இது வெளிநோயாளி சிகிச்சை. இன்னொன்று, பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயை நான் மறைத்துவிட்டேன். பணம் போனால் போகட்டும், பொய் சொன்னவள் என்று எழுதிக் கொடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

இது எங்கிருந்து முளைத்தது என்று தேடினால், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே ஒரு வரி: பத்து ஆண்டுகளாக மூட்டு வலி. அட்மிஷன் போடும்போது டியூட்டி டாக்டர், “எத்தனை நாளா வலிம்மா?” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா, “பையன் பொறந்ததிலேருந்தே முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டுதான் இருக்கா டாக்டர்” என்றார். பையனுக்கு அப்போது பத்து வயது. பிள்ளை பெற்ற பிறகு முட்டி வலிக்கிறது என்று சொல்லாத பெண் எந்த வீட்டில் இருக்கிறாள்? அந்தப் பேச்சு கேஸ் ஷீட்டில் ஏறி, அங்கிருந்து சம்மரிக்குப் போய், கடைசியில் முடக்குவாதமே பத்து வருடமாக இருந்தது என்று ஆகிவிட்டது.

அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லாமல் எதுவும் நகராது என்று என் டாக்டரே சொன்னார். அவரே ஒரு கடிதமும் கொடுத்தார். என்னை முதலில் பார்த்த தேதி, நோய் உறுதியான தேதி, அப்புறம் முக்கியமாக, எனக்கு முடக்குவாதம் தொடங்கியது விரல் கணுக்களில், காலை நேர விறைப்போடு. பழைய முட்டி வலி வேறு, இது வேறு என்ற விளக்கம். மருத்துவமனையின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் (எம்.ஆர்.டி.) எழுதிக் கொடுத்து முழு கேஸ் ஷீட் நகலும், லேபில் 2020 அறிக்கையின் நகலும் வாங்கினேன். மருத்துவப் பதிவில் எழுதியதைப் பதிவை வைத்துத்தான் மறுக்க முடியும். போனில் அழுதால் யாரும் கேட்பதில்லை.

முதல் காரணத்துக்குப் பதில் பாலிசி புத்தகத்திலேயே இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-இல் 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டது. உள்நோயாளியாகவோ டே கேரிலோ (அன்றே வீடு திரும்பும் சிகிச்சை) செய்தாலும் அவற்றுக்குக் காப்பீடு தர வேண்டும், உச்சவரம்பு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஊசியாகச் செலுத்தும் மோனோக்ளோனல் ஆன்டிபாடி என்ற மருந்து வகை அதில் ஒன்று. ரிட்டுக்ஸிமாப் அதே வகைதான்.

இரண்டாவது காரணத்துக்கு இன்னும் பெரிய பதில் உண்டு. தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி கிளெய்மை மறுக்கக் கூடாது. மோசடி என்று நிரூபித்தால்தான் முடியும். முன்பு இது 8 ஆண்டு, 2024 ஏப்ரலில் 5 ஆண்டாகக் குறைத்தார்கள். எனக்கோ இரண்டு கணக்கிலும் தாண்டியிருந்தது. (இடையில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டியிருந்தால், கூட்டிய பகுதிக்கு மட்டும் அன்றிலிருந்து தனிக் கணக்கு.)

இதையெல்லாம் வைத்துக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். விரல் வீங்கிக் கிடந்ததால் அண்ணன் மகள்தான் டைப் செய்தாள். கிளெய்ம் மறுப்புக்குக் கம்பெனியின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்ததா, பாலிசியின் எந்த விதிப்படி மறுத்தீர்கள் என்றும் கேட்டிருந்தேன். இரண்டுக்கும் பதில் இல்லை. பழைய கடிதத்தையே தேதி மாற்றி அனுப்பினார்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா என்ற புகார் இணையதளத்திலும் பதிந்தேன் (155255 என்ற இலவச எண்ணிலும் பதியலாம்). அந்தப் புகாரும் கம்பெனிக்கே போய், அதே பதிலோடு திரும்பியது.

அடுத்து காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் அண்ணா சாலையில், தேனாம்பேட்டை பாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் இருக்கிறது. ஆன்லைனிலும் மனு போடலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் அனுமதி இல்லை. 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள். முதலில் கம்பெனிக்கு எழுதியிருக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ இங்கே வரலாம். ஒரு வருடத்துக்குள் வந்துவிட வேண்டும். அதே விஷயத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

விசாரணைக்குக் கம்பெனி சார்பில் ஒரு டாக்டர் வந்திருந்தார். குறைதீர்ப்பாளர் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: “2015-க்கு முன்னாடி இவங்க முடக்குவாதத்துக்கு மருந்து எடுத்ததுக்கு ஒரு சீட்டாவது இருக்கா?” அவர் டிஸ்சார்ஜ் சம்மரியையே நீட்டினார். “அது வலி. நான் நோயைக் கேட்கிறேன்” என்றார் குறைதீர்ப்பாளர். அந்த அறையில் முதல் முறையாக, என்னை நம்புகிறார்கள் என்று தோன்றியது. பாலிசி புத்தகத்தில் கோடு போட்டு வைத்திருந்த பக்கத்தைக் காட்டினேன். டே கேர் பற்றி அதற்கு மேல் வாதம் நீளவில்லை.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. எங்கள் பாலிசியில் இந்தச் சிகிச்சைக்கு உச்சவரம்பு இருப்பதால் முழு பில்லும் கிடைக்கவில்லை, வரம்புக்குள் வந்ததைக் கொடுத்தார்கள். தீர்ப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் கம்பெனி பணம் கட்டியாக வேண்டும், கட்டினார்கள். தீர்ப்பு நமக்கு ஒத்துவராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி திறந்தேதான் இருக்கிறது.

அடுத்த சுற்று மருந்துக்கு, தீர்ப்பின் நகலையும் டாக்டர் கடிதத்தையும் சேர்த்தே முன் அனுமதி கேட்டோம். டிஸ்சார்ஜ் அன்று சம்மரியை அச்சடிக்கும் முன் வாங்கிப் படித்தேன். நோயின் காலம் என்ற இடத்தில் ‘2020 முதல்’ என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினோம்.